விஜிலாவின் காக்காய்க் கம்பு

காக்காயை விரட்டிக்கொண்டேதான் விஜிலா கருவாட்டு வியாபாரம் பேசுகிறார். வலது கையில் சவுக்குக் கம்பு, இடது கையில் ஒரு பிடி நெத்திலி. எதிரே, கவிழ்த்த மீன்கூடையில் சாய்த்து வைத்த செல்போன். புன்னைக்காயல் வீட்டு மொட்டை மாடியில் சாயங்கால லைவ் தொடங்கிவிட்டது.

"சார்ஜாலருந்து யாரு, ஜெயசிங்கா? உப்புல ஊறுன சீலாக் கருவாடு ஒனக்குக் கெடையாதுலே. போன மாசந்தான பிரஷர் மாத்திரயக் கூட்டிருக்குன்ன? ஒம் பொண்டாட்டி வந்து சொல்லட்டும், பாப்போம்."

கேட்டதைக் கொடுக்கும் கடைகள் ஊரெல்லாம் உண்டு. விஜிலாவிடம் கேட்டது கிடைக்காது. யாருக்குக் கொதிப்பு, யாருக்குச் சிறுநீரகக் கல், எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மறுக்கப்பட்டவர்கள் கோபித்துக்கொண்டு போவதில்லை. மச்சான், அலுவலக நண்பர் என்று இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டுத் திட்டு வாங்கக் காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லைவ் கிடையாது. "அன்னைக்கு நானும் மாதாவும் பேசிக்கிடுவோம். நீங்க கத்திரிக்கா திங்கிய."

எனக்கும் சீலா மறுத்தவர்தான். என் ரத்தக்கொதிப்பைப் பற்றிப் பத்திரிகையில் நகைச்சுவையாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துச் சிரிக்காத ஒரே வாசகர் அவர். மற்றவர்கள் படிக்கவில்லை.

இந்தப் புகழோடுதான் அவருக்கு வியாபார ஆலோசனை சொல்ல ஆறுமுகநேரியில் பஸ் ஏறினேன். ஐப்பசி பிறக்கப்போகிறது, மாடி நிறைய நெத்திலி. மழை விழுமுன் விற்காவிட்டால் ஈரம் ஏறி, பட்ட பாடெல்லாம் கோழித்தீவனத்துக்குப் போகும். "வாங்குதவங்ககிட்ட ஒரு மரியாத வேணும்லா?" என்று சொல்லி, லைவில் பேச ஒரு வசனம் எழுதி நீட்டினேன்.

"இதப் படிச்சா வித்துருமா அண்ணாச்சி?"

"பறந்துரும்" என்றேன்.

அன்று சாயங்காலம் கம்பைச் சுவரோரம் சாத்திவிட்டு விஜிலா கைகூப்பினார். "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, கேட்பவர் அனைவருக்கும் கேட்டது உண்டு..."

ஒரு ஆர்டர்கூட வரவில்லை. கேள்விகள்தான் வந்தன. "அக்கா, ஒடம்புக்கு என்ன?" "கடைய வித்துட்டியளா?" கப்பலில் சமையல் பார்க்கும் ரெக்சன், அக்காவை யாரோ மிரட்டிப் பேசவைக்கிறார்கள் என்று நடுக்கடலிலிருந்து பங்குச்சாமியாருக்கே சேதி அனுப்பிவிட்டான். ஜெயசிங்தான் மிகவும் உடைந்துபோனான். "எனக்கே சீலா உண்டுன்னா, இனி எங்களல்லாம் யாரு பாத்துக்கிடுவா அக்கா?"

கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் என் வசனத்தில் எழுத்துப்பிழை தேடினேன். கம்பில்லாத தைரியத்தில் ஒரு காக்காய் இறங்கி நெத்திலியைக் கொத்தியது.

விஜிலாவின் கூப்பிய கை பிரிந்தது. "ஏ செத்த மூதி, எடுத்தேன்னா பாரு!" கம்பு சுழன்றது. அதே மூச்சில் போனுக்குத் திரும்பினார். "ஏலே ஜெயசிங்கு, எவம்லே ஒனக்குச் சீலா தாரேன்னது? உப்புப் போடாத நெத்திலி கெடக்கு. அதத் தின்னு, இல்லன்னா கஞ்சியக் குடிச்சிட்டுக் கெட!"

"எங்கக்கா வந்துட்டா!" என்று திரை பொங்கியது. யாருக்கு எவ்வளவு, யாருக்குக் கூடாது என்று அவர் ஏசி முடிப்பதற்குள் மாடியிலிருந்த நெத்திலி முழுவதற்கும் ஆள் வந்துவிட்டது.

இதில் என் ஆலோசனைக்கும் பங்குண்டு என்று எனக்குத் தோன்றியது. அந்தத் துணிச்சலில், "எனக்குக் கொஞ்சம்போல சீலா..." என்று இழுத்தேன்.

விஜிலா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கம்பை என் கையில் திணித்து, காக்காய் உட்கார்ந்திருந்த மூலையைத் தாடையால் காட்டினார்.