கதவுக்கு வெளியே மூன்றாம் தண்ணீர்

அடைந்தவரைக் கைவிடாமை அரிய அறம். கைவிடு என்று சுற்றியிருப்போர் நெருக்கும்போது அது இன்னும் அரிது. மண்ணூருக்கு அருகே திருமகள் நகரில் அவ்வறத்தைக் காத்தவர் செங்கமலம்.

கார்த் தொழிற்சாலைகள் எழுந்த காலத்தில் வயலை மனைகளாக்கிக் கல் நட்டார்கள். அந்த வெற்றுவெளியில் முதலில் வீடு கட்டிக் குடிபுகுந்தவர்கள் செங்கமலமும் அவர் கணவரும். விளக்குக் கம்பம் இல்லை, பாம்புகள் இருந்தன. பின்னர் வந்தோர் அனைவரும் அவர்கள் கிணற்று நீரில்தான் சிமெண்டு குழைத்தார்கள், சுவரை நனைத்தார்கள். கணவர் மறைந்தபின் செங்கமலம் அக்கிணற்றை நகர் நலச் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்தார். சங்கம் தொட்டி கட்டியது. வீடுதோறும் குழாய் வைத்தது. சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் எழுப்பியது.

அவர் வீட்டு மாடியறையில் பேச்சிராஜ் குடியிருந்தான். ஒரகடத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் திருநெல்வேலி இளைஞன். சென்ற பங்குனியில் அவனுக்கு அம்மை கண்டது. செங்கமலம் வாசலில் வேப்பிலை செருகினார். அம்மை இறங்கும்போது வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரை, ஒருநாள் விட்டு ஒருநாளாக மும்முறை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டைவிட்டு அனுப்பமாட்டார்கள். இரண்டு ஊற்றியாயிற்று.

அன்று சங்கச் செயலாளர் ராஜசேகர் படியேறாமல் தெருவில் நின்றே கேட்டார்.

“இன்னாக்கா, பேச்சலருக்கு ரூம் வுட்டதே தப்பு. இப்ப அம்மை வேறயா? இன்னிக்கே காலி பண்ணச் சொல்லு.”

“அம்மா எறங்கினுகீறா, ராஜசேகரு. மூணாந்தண்ணி ஊத்திட்டு அனுப்பறேன்.”

“எந்தத் தண்ணி? சங்கத்துத் தண்ணியா?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மாலைக்குள் அவர் வீட்டுக் குழாயை அடைத்துவிட்டார்கள்.

எல்லாம் கேட்டிருந்த பேச்சிராஜ் விடியலில் சொல்லாமல் வெளியேறினான். தேடிச் சென்ற செங்கமலம் அவனை ஸ்ரீபெரும்புதூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டார். முகத்துப் புள்ளிகளைப் பார்த்து லாட்ஜ்காரர்கள் விரட்டியிருந்தார்கள்; பேருந்திலும் ஏற்றவில்லை.

“என்னால ஒங்களுக்குல்லா அசிங்கம், அத்தை.”

“வாய மூடிக்கினு எழுந்து வா.”

ஆட்டோவில் திரும்பினார்கள். நகரின் கதவு பூட்டியிருந்தது. காவலாளி சுப்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

“நீ வாக்கா. அந்தப் பையன வுடக்கூடாதுன்னு ஆர்டரு.”

“அவன வெளிய வுட்டுட்டு நான் மட்டும் இன்னாத்துக்கு உள்ள?”

செங்கமலம் எதிர்க் கடையில் கேன் தண்ணீரும் மஞ்சளும் வாங்கினார். சாலையோர வேம்பில் கொத்து ஒடித்தார். கம்பெனிப் பேருந்துகள் புழுதி கிளப்பிப் போக, கதவுக்கு வெளியே அவனை அமர்த்தி மூன்றாம் தண்ணீரை ஊற்றினார். மாடிகளில் நின்று பலர் பார்த்தார்கள். ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். எவரும் இறங்கி வரவில்லை.

அதே ஆட்டோவில் அவனை ஒரகடத்துக்கு, தம் மகள் ரஞ்சனி வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறைக்கு, அழைத்துப் போனார். நகருக்கு அவர் திரும்பவேயில்லை. சங்கத்தார் அவர் வாசல் வேப்பிலையைப் பிடுங்கி எரித்து, தெருவெங்கும் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள்.

ரஞ்சனியின் அவ்வொற்றை அறை தழைக்க. அங்கே உண்போர் பெருக. பிணி அவ்வாசல் அறியாதொழிக. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் அருள் அக்குடியில் என்றும் நிலைபெறுக.