மகளின் கையும் பார்க்காத கிரகணமும்

மகள் பிறந்தபோதே வலது உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே, நீலமாக ஒரு தடிப்பு இருந்தது. அவள் வளர வளர அதுவும் வளர்ந்தது. இரண்டாம் வகுப்பில், பென்சிலை இறுக்கிப் பிடித்தால் வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். பாதி வரியில் நிறுத்திவிடுவாள்.

எங்கள் குடும்பம் வலியை விசாரிக்கவில்லை. குற்றவாளியைத் தேடியது. பொள்ளாச்சியிலிருந்து வந்த என் அக்கா, கொடுத்த காபி ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"கிரகணத்தன்னிக்கு உன்ற பொண்டாட்டி அருவாமனையை எடுத்திருப்பா. இல்லீன்னா புள்ளைக்கு இப்படி வருமா?"

அன்று முள்ளங்கி நறுக்கியதாக ஞாபகம் என்று மனைவி பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்.

நான் பத்திரிகைக்காரன்; ஆதாரம் தேடினேன். அலுவலகத்துப் பழைய இதழ்களைப் புரட்டி, அவள் கர்ப்பமாக இருந்த மாதங்களில் வந்த ஒரே கிரகணம் நம் ஊரில் தெரியவே இல்லை என்று கண்டுபிடித்தேன். நகலெடுத்துப் போய் அக்காவிடம் நீட்டினேன்.

"நமக்குத் தெரியலீன்னா? வயித்துல இருக்கற புள்ளைக்குத் தெரியாதா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளைவிடக் கேவலம் நான். இரண்டு நாள் விடுப்பு எடுத்து நான் அலசியது கிரகணத்தை. மகள் அதற்குள் இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள்.

துடியலூரில் ஒரு மருத்துவர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரத்தக் கட்டிங்க. அஞ்சு வயசுல தானாக் கரைஞ்சிரும்" என்றார். மகளுக்கு அப்போது ஏழு வயது.

கடைசியில் ரத்தநாள மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் எங்களை விட்டுவிட்டு மகளிடம் பேசினார்.

"டீச்சர் கேள்வி கேட்டா எப்படிக் கண்ணு கை தூக்குவே?"

தூக்கினாள். தடிப்பு வற்றியது. கையைத் தொங்கப் போடச் சொன்னார். நீலம் மெல்ல ஊறி வந்தது.

"இது எனக்கு முன்னயே தெரியுமுங்க" என்றாள்.

"அப்பாகிட்டச் சொல்லலியா?"

"அப்பா கிரகணம் பாத்துட்டு இருந்தாங்க."

மருத்துவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கருவிலேயே சிரைகள் கோணலாக உருவாகிவிட்டன, இது கட்டி அல்ல, தானாகவும் கரையாது, யார் செய்ததாலும் வந்ததல்ல என்றார். கடைசி வாக்கியத்தை என் மனைவியைப் பார்த்து இரண்டாம் முறை சொன்னார். எம்.ஆர்.ஐ. எடுத்தபின், மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே அந்தச் சிரைகளுக்குள் ஊசி மருந்து ஏற்றிச் சுருங்கவைத்தார்கள். சில மாத இடைவெளிகளில் மூன்று தடவை.

"முழுசாப் போகாதுங்க. திரும்பவும் வீங்கலாம். வலியில்லாம எழுதுனாப் போதும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

மூன்றாவது ஊசிக்குச் சில வாரங்கள் கழித்து அக்கா வந்தாள். எழுதிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இத்தனை ஊசி குத்தியும் நீலம் கெடக்குதே. டாக்டரு நல்லா ஏமாத்திப்போட்டான்."

மகள் கையை உருவிக்கொண்டாள். "விடுங்க அத்தை, எழுதோணும்."

அன்று கையெழுத்து நோட்டில் இரண்டு பக்கம், வலது கையால், நடுவில் நிறுத்தாமல் எழுதினாள். அக்கா நோட்டைப் பார்க்காமலே பஸ் ஏறினாள்.