ஆம்பூர்ச் சண்டையில் என் மகள் எதிர்க்கட்சி

ஆம்பூர்ச் சண்டையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக நான்தான் நடத்துகிறேன். ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். பதவியில் இருந்தவர் ஒருவர், பழைய நவாபின் மருமகன் இன்னொருவர். மருமகன் பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் மலையடிவாரத்தில், யானை மேல் இருந்தபடியே நவாப் குண்டடிபட்டுச் செத்தார். செத்தவரின் மகன் திருச்சிக்கு ஓடிப்போய் இங்கிலீஷ்காரர்களிடம் உதவி கேட்டார். உள்வீட்டுச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிட்டால் இந்தக் கதிதான் என்று நான் பாடத்தை முடிக்கும்போது பாதி வகுப்பு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

பல வருடங்களாக அந்தக் கொட்டாவி எனக்கு உறைத்ததில்லை. அரக்கோணத்திலிருந்து ஒரு புது டீச்சர் வந்து எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவை எடுத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. என் வகுப்பு ‘ஏ’. என் மகள் படித்தது ‘பி’.

வீட்டில் எந்நேரமும் மிஸ் புராணம்தான். மிஸ் இப்படிச் சிரித்தார்கள், மிஸ் அப்படிச் சேலை கட்டினார்கள், மிஸ் ஆம்பூர்ச் சண்டை நடத்தும்போது மேஜை மேல் ஏறி நின்று யானை போலப் பிளிறினார்கள். கடைசிச் செய்தியைக் கேட்டபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தோசை தீய்ந்தது. அதே சண்டையை நானும்தானே நடத்துகிறேன் என்றேன்.

"நீ நடத்துனா பரீட்சைக்கு வரும்மா. மிஸ் நடத்துனா கண்ணு முன்னாடி வருது" என்றாள் மகள்.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். சொந்த வீட்டிலேயே போகாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆண்டு விழாவுக்கு இரண்டு பிரிவும் சேர்ந்து ஆம்பூர்ச் சண்டையை நாடகமாகப் போட வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார். வசனம் எழுதும் வேலை எனக்கு வந்தது. நவாபும் யானையும் கடைசியில் வரும் இங்கிலீஷ்காரர்களும் என் பிரிவுக்கு. மருமகனும் பிரெஞ்சுப் படையும் புது டீச்சரின் பிரிவுக்கு. மருமகன் வேஷம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். என் மகள் ஒட்டுமீசையோடு வீட்டில் நடக்க ஆரம்பித்தாள்.

ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கும் என் கணவரிடம், யானைக்கும் சிப்பாய்களின் தொப்பிக்கும் வெட்டியது போக மிஞ்சிய தோல் துண்டுகள் கேட்டிருந்தேன். முறையாகக் கேட்டு ஒரு மூட்டை வாங்கி வந்தார். மறுநாள் பார்த்தால் பாதி மூட்டை காணோம். பளபளப்பான கறுப்புத் துண்டுகள் எல்லாம் பிரெஞ்சுத் தொப்பிகளாகிவிட்டிருந்தன. என் யானைக்கு மிஞ்சியது நிறம் மங்கிய சாம்பல் தோல்தான். கணவரைக் கேட்டால், இரண்டு பக்கமும் நம்ம பிள்ளைகள்தானே என்றார். இரண்டு பக்கத்துக்கும் துப்பாக்கி விற்பவன்கூட இப்படித்தான் பேசியிருப்பான்.

ஒரு நாள் வெட்கத்தை விட்டு மகளிடம் பேரம் பேசினேன். என் பக்கம் வந்துவிடு, நவாப் வேஷம் தருகிறேன், யானை மேல் உட்காரலாம் என்றேன்.

"நவாப் செத்துடுவாரும்மா" என்றாள், எனக்காகப் பரிதாபப்படுவதுபோல.

வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த டீச்சர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். அவளோ தினமும் "அக்கா, வசனம் சூப்பர்க்கா" என்று வந்து நிற்பாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

விழா அன்று மேடைக்கு இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். பிரெஞ்சுத் தளபதியின் முன்னால் என் மகள் கம்பீரமாக வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

அது நான் எழுதிய வசனம். கண்ணாடி முன்னால் அவள் சொல்லிப் பார்த்ததையெல்லாம் சமையலறையிலிருந்து கேட்டவள் நான். "ஆற்காடு எனக்கு வேண்டும்" என்று அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தேன். அவள் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை. கண்கள் நிறைய நீரோடு வலது பக்கம் தன் மிஸ்ஸைத்தான் பார்த்தாள்.

அவள் மிஸ்ஸுக்கு வசனம் தெரியவில்லை. பயத்தில் முகம் வெளுத்திருந்தது. ஆனால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் கையை நீட்டி என்னைக் காட்டினாள். அங்கே பார், அம்மாவைப் பார் என்று தலையாலும் சைகை செய்தாள்.

அப்போதுதான் என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மறுபடி எடுத்துக் கொடுத்தேன். "ஆற்காடு எனக்கு வேண்டும். அதற்கு நீங்கள் கேட்கும் விலை என்ன?" என்று அவள் முழங்கியதும் அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். செத்த நவாபின் மகனுக்குக் கடைசியில் ஆற்காடு கிடைத்தது, ஆனால் இங்கிலீஷ்காரன் கையால் கிடைத்தது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அது வாங்கியவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு முறையும் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மீசையைப் பிய்த்துக்கொண்டே அப்பாவிடம் ஓடினாள்.

"நடுவுல மறந்துட்டேம்ப்பா. நல்லவேளை, மிஸ் காப்பாத்திட்டாங்க."