கணவாய்க்கு அந்தப் பக்கம்

எட்டு மழைக்கோட்டுகளையும் மடித்து ஒரு அரிசிச் சாக்குக்குள் திணித்து, ஆரல்வாய்மொழியில் ஒரு டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளியது நான்தான். ஐப்பசி சஷ்டிக்குத் திருச்செந்தூர் நடந்துபோகும் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள் என்றாலும், யோசனை என்னுடையது. மூன்று வருஷம் ஆகிவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பிறவியிலேயே வந்த நம்பிக்கை. ஆனி, ஆடிச் சாரல் நாஞ்சில் நாட்டை நனைத்துவிட்டு, கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வெறும் காற்றாகிவிடும். தோவாளையில் விரித்த குடையைக் காவல்கிணற்றில் மடக்குவோம். அதைப் பார்த்தே வளர்ந்ததால், அந்தப் பக்கம் என்றாலே காய்ந்த பூமிதான். ஐப்பசியில் மழை கிழக்கிலிருந்து வரும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். முப்பந்தலில் காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றாமல் நின்றதையும் பார்த்தேன், படம்கூட எடுத்தேன். காற்று மாறுகிறது என்று மட்டும் தோன்றவில்லை. சுமை குறைந்தால் வேகமாக நடக்கலாம், அவ்வளவுதான் அன்றைய என் புத்தி.

அந்த அவசரம் சித்திக்காக, இந்தத் தடவையாவது அவளைக் கோயில்வரை கொண்டுசேர்க்க. அம்மாவின் தங்கை. நனைந்தால் அவளுக்கு இரைப்பு வந்துவிடும். ஒரு வாக்கியத்தை முடிக்க நாலு தடவை மூச்சு வாங்குவாள். இரண்டு வருஷம் நடந்தே வருவதாக முருகனுக்கு நேர்ச்சை சொல்லிக் கிளம்பி, இரண்டு தடவையும் பாதி வழியில் சித்தப்பா காரில் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது தடவை அவர் சம்மதித்ததே நான் பொறுப்பு என்று சொன்னதால்தான். இந்தத் தடவையும் இரைத்தால் இனி நடையே கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் மதியம், ராதாபுரம் தாண்டிய வெட்டவெளியில் கிழக்கு வானம் கறுத்தது. ஒதுங்க ஒரு வீடில்லை. தூறல் விழுந்ததும் சித்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை.

“கணவாய்க்கு இந்தப் பக்கமும் வானம் உண்டு போல, மக்கா.”

மயிலாடியில் கல் கொத்தும் அண்ணன் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். அவர்தான் சாலையோரம் ஓடிப்போய் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸின் கயிறுகளை அவிழ்த்தார். கல்யாணம் ஆவணியிலேயே முடிந்திருந்தது. மூலைக்கு ஒருவராகத் தலைக்கு மேல் பிடித்து, சித்தியை நடுவில் விட்டு, மற்றவர்கள் ஓரமாக ஒண்டிக்கொள்ள, நடந்தோம். மழை கொட்டத் தொடங்கியது.

“மாப்பிள்ள மூஞ்சிய உள்பக்கமா திருப்புங்கடே,” என்றார் அண்ணன். “பாவம், நனையுகான்லா.”

சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள் இரைப்பு இருக்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். மேலே மழைச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் சித்தப்பா கூப்பிட்டார். மழை என்று கேள்விப்பட்டுக் காரை எடுத்துக் காவல்கிணறு வரை வந்துவிட்டாராம். என் பேச்சைக் கேட்க அவர் தயாரில்லை, அவளிடம் கொடு என்றார். ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனை நீட்டினேன்.

“நான் நனையவும் இல்ல எனக்கு இரைக்கவும் இல்ல, நீங்க எதுக்கு இப்பம் காவல்கிணத்துல வந்து நிக்கிய, மொட்டமாடில மிளகாய் கெடக்கே அத அள்ளுனியளா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியளா, இந்தப் பிள்ள பயந்து வெளிறிப்போய் நிக்கா அவளப் போட்டு வெரட்டாண்டாம், ரெண்டு வருசம் ஒங்க வண்டில ஏறுனேன்லா, இந்த வருசம் அந்த முருகனே வந்து கூப்பிட்டாலும் ஏறமாட்டேன்.”

எங்கேயும் நிறுத்தவில்லை. அத்தனையும் ஒரே மூச்சு. ஃப்ளெக்ஸைப் பிடித்திருந்த நாலு பேரும் நின்றுவிட்டோம். என் தோள்பட்டை கடுப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சித்தப்பாவும் அந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

“மிளகாய அள்ளல்லட்டி,” என்றார் கடைசியில். “நீ நட. நான் போய் அள்ளுகேன்.”