முனியராஜின் தேயாத சீடி

முனியராஜ் வருஷம் பூராவும் வெடி லோடு ஏற்றுகிறவன். ஆனால் அவன் தன் கையால் ஒரு சரத்தைப் பற்றவைத்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. தீபாவளிக்குப் பட்டாசுக் கம்பெனியில் ஆளுக்கொரு வெடி கிப்ட் பாக்ஸ் கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் அது விடிவதற்குள் காகிதக் குப்பையாகி வாசலில் கிடக்கும். முனியராஜ் வீட்டில் பரணுக்குப் போகும். "இருக்கட்டும், பின்னால ஒரு நல்லது வரும்ல, அப்பப் போட்டுக்கிருவோம்" என்பான். நல்லது எத்தனையோ வந்து போயிற்று, பெட்டி இறங்கிய பாடில்லை. கடைசியில் ஒரு கார்த்திகைக்கு அவன் மனைவி வேல்விழி பிடிவாதமாக இறக்கி வாசலில் வைத்துக் கொளுத்தினாள். எல்லாம் நமுத்துப்போய், புஸ் புஸ்ஸென்று புகைந்ததோடு சரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதைக் கருமித்தனம் என்று சொல்லிவிட முடியாது. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவான். ஒரு தடவைதான் பயன்படும் என்று தெரிந்த பொருளை அவனால் தொட முடியாது, அவ்வளவுதான். கல்யாணப் பட்டுவேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. மைத்துனன் கொண்டுவந்த செண்டுப் பாட்டில் மூடி திறக்காமலே பாதி வற்றிப்போனது. கல்யாணமாகிச் சில வருஷங்களில் வாங்கிய டிவிஎஸ் வண்டி கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க ஆமத்தூர் வரை ஒரு ஓட்டம். ஆயுதபூசைக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தால் மறுபடி தார்ப்பாய். சாவி எப்போதும் அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அவசரத்துக்கு வேண்டும் என்பான். வருஷம் முழுக்க ஒரு தடவை மட்டும் வெடிக்கிற சாமானையே தூக்கிச் சுமக்கிற ஆளுக்கு இப்படி ஒரு குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அவர்கள் ஊர், மெயின் ரோட்டில் ஆமத்தூருக்குப் பிரிகிற விலக்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பஸ் காலையில் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. மற்றபடி கம்பெனி வேன்தான். வேன் போகிற இடம்தான் வேலை. முனியராஜ் லோடு ஏற்ற, வேல்விழி வெடிக்குத் திரி செருக, இருவரும் ஒரே வேனில் ஒரே கம்பெனிக்குப் போனார்கள்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி திறக்க ஒரு மாதமாவது ஆகும். அந்தச் சும்மா இருக்கிற மாதத்தில்தான் அவன் வாழ்க்கைக்குள் அந்த ஆட்டம் வந்தது. கல்யாணமான வருஷம், இரண்டாயிரத்து ஒன்று. வேல்விழியின் அண்ணன் பாலகுரு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். லீவில் வந்தபோது உள்ளங்கை அகல வீடியோ கேம் பெட்டியையும் ஒரு கேசட்டையும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

காட்டிலும் மேட்டிலும் அலைந்து விதவிதமான பிராணிகளைப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், மற்றவர்களின் பிராணிகளோடு மோதவிட வேண்டும். இதுதான் ஆட்டம். வேல்விழி அதற்குக் குட்டிச்சாத்தான் ஆட்டம் என்று பேர் வைத்தாள். குட்டிச்சாத்தான்களுக்கு வித்தை கற்றுக்கொடுக்க வழியெல்லாம் சீடி கிடக்கும். இடி இறக்கும் சீடி, சூறாவளி கிளப்பும் சீடி, நெருப்புக் கக்கும் சீடி. எதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமோ அதன்மேல் சீடியைப் போட்டால் அது உடனே கற்றுக்கொள்ளும். சீடி அதோடு உடைந்துபோகும். இடி சீடி ஆட்டம் முழுக்க ஒன்றே ஒன்றுதான். போதாக்குறைக்கு ஒரு பிராணிக்கு நாலு வித்தைக்கு மேல் தங்காது. ஐந்தாவது வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை மறக்க வேண்டும்.

முனியராஜுக்கு இது போதாதா? பொறுக்கிய சீடியை எல்லாம் பையில் போட்டுப் பத்திரப்படுத்தினான். ஒன்றைக்கூடத் தொடவில்லை. பெரிய பெரிய எதிரிகளிடம் அவன் குட்டிச்சாத்தான்கள் வெறும் முட்டலையும் கடியையும் வைத்துக்கொண்டு அடி வாங்கின. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வேல்விழிக்குப் பொறுக்கவில்லை.

"அந்த இடியப் போட வேண்டியதுதான?"

"போட்டாத் தீந்துரும்ல."

"இப்பத் தோத்துட்டீகள்ல?"

"தோத்தா மறுபடி ஆடிக்கிரலாம். சீடி போனா வருமா?"

வேல்விழி வெங்காயத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். எதற்குக் கண்ணீர் விடுகிறோம் என்று அவளுக்கே குழம்பிவிட்டது.

சில வருஷம் கழித்துப் பாலகுரு அடுத்த பெட்டியும் அடுத்த ஆட்டமும் கொண்டுவந்தான். அதில் கொஞ்சம் தாராளம் காட்டியிருந்தார்கள். சில சீடிகள் கடையிலேயே கிடைத்தன. ஒரு குடிசையில் இருந்த ஆள், மறந்த வித்தையை மறுபடி ஞாபகப்படுத்திவிடுவான். ஆனால் சீடி உடைவது மட்டும் மாறவில்லை. நம்ம ஆளும் மாறவில்லை. கடையில் விற்கிற சீடியைக்கூட வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்த வருஷம்தான் வேல்விழி முதல் தடவையாக வண்டியைப் பற்றிக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சைக்கிள் ஓட்டியவள்தான், ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால் போதும்.

"பாப்பம் பாப்பம். கீள விளுந்து வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றான் முனியராஜ், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குட்டிச்சாத்தானுக்கே சொல்லிக்குடுக்காத மனுசன் எனக்கா சொல்லிக்குடுக்கப் போறீக" என்று எழுந்து போனாள்.

அவளுக்கு வண்டி விளையாட்டுக்கு வேண்டியதில்லை. பதினைந்து வயதிலிருந்து வெடிமருந்தோடு மல்லுக்கட்டுகிறாள். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண் கறுப்புப் போகாது. ஒவ்வொரு நாளும் வேனை விட்டு இறங்கும்போது, இன்றைக்கும் நல்லபடியாகத் திரும்பிப் போக வேண்டும் தாயே என்று மாரியம்மனை நினைத்துக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பாள். சிவகாசியில் டைரி பைண்டிங் செய்கிற அச்சகத்தில் மருந்தும் இல்லை, பயமும் இல்லை. சாயந்தரம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அச்சகத்துக்கு வேன் கிடையாது. சொந்தமாக வண்டி ஓட்டத் தெரிந்தவளுக்குத்தான் அந்த வேலை.

வண்டிக்கு அடிபடும் என்று முனியராஜ் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை அவன் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் வேனில் ஏறியதும் ஜன்னலோரச் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பான். வேல்விழி வந்ததும் அவளை ஜன்னலோரம் விட்டு, துண்டு கிடந்த இடத்தில் தான் உட்காருவான். வேன் விலக்கைத் தாண்டுவதற்குள் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். கம்பெனி கேட் வரும்வரை அவன் அசைய மாட்டான், இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வான். வீட்டில் ஆயிரம் வேலையும் பிடுங்கலும். இந்த அரை மணி நேரம்தான் அவள் முழுசாக அவனுடையவள். முனியராஜ் மிச்சம் பிடிக்காமல் அனுபவித்த ஒரே பொருள் இதுதான். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டால் இது போய்விடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் ஒரு தீபாவளி லீவில், பழைய ஆட்டத்தை ஆடிப் பார்க்கலாமே என்று முதல் கேசட்டை எடுத்துப் போட்டான். ஆட்டம் புத்தம் புதுசாக முதலிலிருந்து ஆரம்பித்தது. அவன் பிடித்த குட்டிச்சாத்தான்கள் இல்லை, பை இல்லை, ஒரு சீடி இல்லை. ஊதிப் பார்த்தான், துடைத்துப் பார்த்தான். பாலகுருவுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "கேசட்டுக்குள்ள சின்னதா ஒரு பேட்டரி இருக்கும் மச்சான். அது தீந்துருச்சுன்னா சேத்து வச்சது எல்லாம் போச்சு" என்றான்.

முனியராஜ் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. சோற்றை மறுபடி போட்டுக்கொண்டே, "ஒரு தடவையாவது இடிய எறக்கிப் பாத்திருந்தீகன்னா, அது நெனப்புலயாவது இருக்கும்" என்றாள். அந்தச் சொல் அவனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தீபாவளிக்குப் பாலகுரு வந்தான், மூன்றாவது ஆட்டமும் வந்தது. அதே வாரத்தில் வேனில் கூட வந்துகொண்டிருந்த பத்திரகாளி வீட்டுக்கு வந்தாள். அவள் தம்பியிடம் வண்டி பழகி, போன சீசனிலேயே பைண்டிங் வேலைக்குப் போய்விட்டவள்.

"எங்க மேனேஜர் சீனிவாசகம் ஆள் கேக்காரு வேலு. டைரி ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. ஒங்க கம்பெனி தெறக்கதுக்குள்ள வண்டியோட வந்து நின்னயின்னா ஒனக்குத்தான் வேல. இல்லைன்னா வேற ஆளப் போட்டுருவாரு."

வேல்விழி புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஒரு எழுத்து விடாமல் விழுந்தது.

மறுநாள் சாயந்தரம் அவன் திடீரென்று சத்தம் போட்டான். "ஏ புள்ள, இங்கன வந்து பாரேன்!"

கை தவறி ஒரு சீடியை ஒரு பிராணியின் மேல் போட்டுவிட்டான். போச்சு என்று தலையில் கை வைத்தவன் பையைத் திறந்து பார்த்தால், சீடி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. நம்பாமல் இன்னொன்றுக்குப் போட்டான். அதுவும் கற்றுக்கொண்டது, சீடியும் இருந்தது. இந்த ஆட்டத்தில் சீடி உடைவதே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். நொண்டி, சப்பாணி என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் இடி இறக்கக் கற்றுக்கொடுத்தான். திரையில் இடியாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவன் இப்படிச் சிரித்து வேல்விழி பார்த்ததில்லை.

"எத்தன பேருக்குக் குடுத்தாலும் தேய மாட்டேங்குது பாரு!"

வேல்விழி அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். "குடுத்தவுகளுக்கு ஒண்ணுமே கொறையலையா?"

"எங்க கொறையுது? அப்படியே இருக்கு."

"அப்ப எனக்கு வண்டி சொல்லிக்குடுத்தா ஒங்களுக்கு மட்டும் என்ன கொறஞ்சிரும்?"

முனியராஜுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்குக் குறையும் புள்ள, எனக்குத்தான் குறையும். ஆனால் அவள் கத்தியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தான். கம்பெனி பூட்டி இத்தனை நாளாகியும் நகக்கண் கறுப்பு அப்படியே இருந்தது. பெட்டியை அணைத்து வைத்தான். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து அவரைக்காய்த் தட்டில் வைத்தான்.

மழை ஏமாற்றிய வருஷம் அது. கண்மாய் காய்ந்து மைதானமாகக் கிடந்தது. காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவரும் போனார்கள். ஆக்சிலேட்டர் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்து, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே கூட ஓடினான். ரெண்டு சுற்று நன்றாகத்தான் போனது. மூன்றாவது சுற்றில் கையை விட்டான். வேல்விழி பதறி ஆக்சிலேட்டரை முழுசாகத் திருக, வண்டி துள்ளிப் போய்க் கரையில் மோதிச் சாய்ந்தது.

முனியராஜ் ஓடிவந்தான். முன்விளக்குக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. டேங்கில் நீளமாக ஒரு கோடு விழுந்திருந்தது. முழங்கை சிராய்த்து மண்ணில் உட்கார்ந்திருந்த வேல்விழி கண்ணை மூடிக்கொண்டாள். இத்தோடு முடிந்தது, வண்டி மறுபடி தார்ப்பாய்க்குள் போய்விடும் என்று நினைத்தாள்.

அவன் வண்டியைத் தாண்டி அவளிடம்தான் வந்தான். துண்டால் முழங்கை மண்ணைத் தட்டிவிட்டான். பிறகு வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தான். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

"பதறாம மெதுவாத் திருகணும்" என்றான். "இன்னொரு தடவ ஏறு."

இன்னொரு தடவை என்கிற சொல் முனியராஜ் வாயிலிருந்து வந்ததை வேல்விழி அன்றைக்குத்தான் முதலில் கேட்டாள்.

கம்பெனி திறப்பதற்கு முன்பே அவள் எல்எல்ஆர் எடுத்து, சீனிவாசகத்தைப் போய்ப் பார்த்து, வேலையையும் உறுதி செய்துவிட்டாள். கம்பெனி திறந்த அன்று காலை முனியராஜ் தனியாக வேனில் ஏறினான். பழக்க தோஷம், பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டான். கூட லோடு ஏற்றுகிற சோணைமுத்து வந்து, "ஏலே, இங்கன ஆள் வருதா?" என்று கேட்டான்.

"வருது" என்று சொல்லிவிட்டு முனியராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் லேசாக இருந்தது. அந்த லேசு அவனுக்குப் பிடிக்கவில்லை.

விலக்குக்குப் பக்கத்தில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. வேனை ஒட்டி டிவிஎஸ் வண்டி வந்தது. புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி, நிமிர்ந்து உட்கார்ந்து வேல்விழி வந்தாள். ஜன்னலில் அவனைப் பார்த்து இன்னொரு ஹாரன் அடித்துவிட்டு, வேனை முந்திக்கொண்டு சிவகாசி ரோட்டில் ஏறிப் போனாள்.

"ஏலே, அது ஒம் பொண்டாட்டியா?" என்று சோணைமுத்து வாயைப் பிளந்தான். "யாருலே சொல்லிக்குடுத்தா?"

"நாந்தான்" என்றான் முனியராஜ். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. வண்டி கண்ணிலிருந்து மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, பக்கத்துச் சீட்டில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"உக்காருலே" என்றான்.