காதுல எண்ணெயோட போன பைலட்டு

எங்க பெரியம்மா மகன் கடக்கரைக் காவலுக்கு ஏரோப்பிளான் ஓட்டப் போறேன்னு சொன்னப்ப வீட்டுல யாரும் சிரிக்கல. நான் மட்டுந்தேன் சிரிச்சேன்.

"கப்பல் படையில ஏரோப்பிளான் எதுக்குண்ணே? கப்பல் பங்க்சரானா தூக்கிட்டுப் போகவா?"

"கரையோரமாப் பறந்து போயி, வேத்து நாட்டுக் கப்பல் வருதா, கள்ளத்தோணி வருதா, யாரும் தண்ணியில தத்தளிக்காங்களான்னு பாக்குறதுக்குலே."

"பாத்துட்டு? மேல இருந்து சத்தம் போடுவியா?"

"வாய மூடுறியா?"

அவன் மதுரையில காலேசு முடிச்சவன். நான் எட்டாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டு நாகல் நகர்ல சைக்கிள் கடைக்கு வந்தவன். ஆனாலும் எனக்கு அந்தப் பிளான் மேல அம்புட்டு ஆசை. ஓட்டுறதுக்கில்ல, தெரிஞ்சுக்க. மேல ரோடு இல்லாம வழி எப்படிக் கண்டுபிடிப்பாங்க? எதுத்தாப்புல ஒருத்தன் வந்தா மணி அடிக்கணுமா? ஒண்ணுக்கு வந்தா என்ன செய்ய? சாயங்காலமானா போய் உக்காந்து கேப்பேன். தெரிஞ்சதுக்குப் பதில் சொல்லுவான். தெரியாததுக்கு மண்டையில கொட்டு வைப்பான். கொட்டுதான் ஜாஸ்தி.

பரிச்சை, இன்டர்வியூ எல்லாம் தாண்டிட்டான். டாக்டர் பாக்குறது ஒண்ணுதான் பாக்கி. கண்ணு, காது, நெஞ்சு, எதுல கொறை இருந்தாலும் திருப்பி அனுப்பிருவாங்களாம். அடுத்த வருசம் போலாம்னா வயசு தாண்டிரும். இதுல போனா போனதுதேன்.

பெரியம்மாவுக்கு விசயம் புரிஞ்சு போச்சு. அன்னையில இருந்து மூணு வேளையும் பொன்னாங்கண்ணிக் கீரைதேன் வெஞ்சனம். கண்ணு தெளியுமாம்.

"பெரியம்மா, ஆடு பூராம் தழைதேன திங்குது. அதுல ரெண்டப் புடிச்சு பைலட்டு வேலைக்கு அனுப்புவமா?"

"கட்டையில போறவனே, எந்திரிச்சுப் போடா."

மெட்ராசுக்கு ரயிலேற வேண்டிய நாளு புதன்கிழமை. எங்க பக்கம் புதனும் சனியும் ஆம்பளைக எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாளு. பெரியம்மா விடுமா? "சூட்டோட போனா கண்ணும் காதும் எப்படிய்யா வேலை செய்யும்?"ன்னு கோவணத்தோட உக்கார வச்சுருச்சு. உச்சியில ஒரு கை நல்லெண்ணெய். தொப்புள்ல ஒரு சொட்டு. ரெண்டு காதுலயும் காச்சின எண்ணெய ஊத்தி, தலையச் சாச்சுப் புடிச்சுக்கிட்டு செத்த நேரம் அசையாம இருக்கச் சொன்னுச்சு. அவன் ஒரு பக்கமாச் சாஞ்சு கெடந்தத பாத்து, "இப்பவே பிளான் திரும்புது பாரு"ன்னேன்.

அண்ணனுக்கு எங்கயும் வாயத் தொறந்து வழி கேக்கத் தெரியாது. அதனால பெரியம்மா என்னையும் கூட அனுப்பிருச்சு. "அப்பு, நீ வாயாடி. அவனப் பத்திரமாக் கூட்டிட்டு வா."

மெட்ராசுல டாக்டர் ரூம்புக்குள்ள என்னைய விடல. வராந்தாவுல சன்னல் தொறந்து கெடந்துச்சு. எட்டிப் பாத்தேன். கண்ணு, நெஞ்சு எல்லாம் முடிஞ்சுருச்சு. இப்பக் காது. அண்ணன் சன்னலப் பாத்து நிக்கான். அவனுக்குப் பின்னால, ரூம்போட அந்தக் கோடியில, வடக்கத்தி டாக்டர் ஒருத்தர். பெரிய மீசை. ஒரு காத விரலால அடைச்சுக்கணும். அவரு இங்கிலீசுல ரகசியமா ஒரு வார்த்தை சொல்லுவாரு. கேட்டதத் திருப்பிச் சொல்லணும். அம்புட்டுதேன்.

வலது காதுக்குச் சரியாச் சொல்லிட்டான். இடது காதுக்கு வந்தப்ப முழிச்சான்.

"டைகர்," அப்படின்னாரு டாக்டர். சன்னல்ல நிக்கிற எனக்கே கேட்டுச்சு. இவன் பேசாம நிக்கான்.

திரும்பவும் சொன்னாரு. இவன் மூஞ்சி வேர்த்துப் போச்சு. எனக்குப் பொறுக்கல. ரெண்டு கையையும் நகம் மாதிரி வளைச்சு, பல்லக் காட்டி, உர்ருன்னு புலி காட்டினேன். அண்ணன் என்னைய உத்துப் பாத்துட்டுச் சொல்றான்:

"கேட், சார்."

பூனையாம்! டாக்டர் நிமிந்தாரு. நான் கைய எறக்குறதுக்குள்ள பாத்துட்டாரு. வெள்ளச் சட்டை போட்ட கம்பவுண்டர் ஒருத்தர், நம்ம தமிழாளு, வெளிய வந்து என் காதப் புடிச்சே உள்ள இழுத்துட்டுப் போனாரு. தொலைஞ்சோம்னு நெனச்சேன். அண்ணன் மூஞ்சியில ரத்தமில்ல.

டாக்டர் என்னமோ கேட்டாரு. கம்பவுண்டர் தமிழ்ல சொன்னாரு: "உனக்குக் காது நல்லாருக்காம். எது வரைக்கும் படிச்சிருக்கேன்னு கேக்குறாரு."

"எட்டு, சார். அதுவும் முழுசா இல்ல."

டாக்டருக்கு மீசை ஆடுச்சு. சிரிப்புதேன். அப்புறம் அண்ணனத் திருப்பி, லைட்டு அடிச்சுக் காதுக்குள்ள பாத்தாரு. சிரிப்பு நின்னு போச்சு. பஞ்சை விட்டுத் தொடச்சு மோந்து பாத்தாரு.

"என்னடா இது?"ன்னாரு கம்பவுண்டர்.

"நல்லெண்ணெய்ங்க," அண்ணன் மெதுவாச் சொன்னான். "எங்கம்மா ஊத்துச்சு. டெஸ்டுல நல்லாக் கேக்கணும்னு."

கம்பவுண்டர் அத இங்கிலீசுல சொன்னாரு. பழைய அழுக்கு எண்ணெயில ஊறி, உப்பி, காத அடைச்சுருக்காம். வெந்நி பீச்சிக் கழுவினதும் கொடுக்காப்புளி வெத மாதிரி ஒண்ணு வந்து விழுந்துச்சு. அத இன்னொருக்கப் பாக்கணும்னு நான் குனிஞ்சேன். கம்பவுண்டர் தட்டத் தூக்கிட்டுப் போயிட்டாரு. மத்தியானம் மறுபடி பாக்குறதா டாக்டர் சொல்லிட்டாரு.

வெளிய மரத்தடியில உக்காந்தோம். இட்லிப் பொட்டலத்த நான்தேன் தின்னேன். அவன் தொடல.

"அடைப்பு போயும் கேக்காட்டி?"ன்னான்.

"எங்க கடைக்கு வா. பங்க்சர் ஒட்டக் காது வேண்டாம்."

வழக்கமா கொட்டு விழும். விழல. தலையக் குனிஞ்சுக்கிட்டு, "ஏலே, என் பின்னால போயி எதாவது மெதுவாச் சொல்லு"ன்னான். போனேன். என்னென்ன கெட்ட வார்த்தை தெரியுமோ அம்புட்டையும் ரகசியமாச் சொன்னேன். ஒண்ணு விடாமத் திருப்பிச் சொன்னான். அந்தப் பக்கம் போன நர்சம்மா திரும்பிப் பாத்துச்சு.

மத்தியானம் சன்னல அடைச்சுட்டாங்க. கதவுல காத வச்சேன். ஒண்ணும் கேக்கல. ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தான். விறுவிறுன்னு வாசல் கேட்டு வரைக்கும் நடந்தான்.

"என்ன வார்த்தைண்ணே சொன்னாரு?"

"முதல் வார்த்தையே டைகர்தேன் சொன்னாருலே."

"நீ?"

"டைகர்னேன்."

"சேத்துக்கிட்டாங்களா?"

ஆமான்னு தலைய ஆட்டுனான்.

ரயிலுக்கு நேரம் கெடந்துச்சு. கடலப் பாத்துட்டுப் போலாம்னான். ரெண்டு பேருக்கும் அதுதேன் முதல் தடவை. நான் வேட்டிய மடிச்சுக் கட்டி எறங்கி, தண்ணிய நக்கிப் பாத்துட்டுத் துப்பினேன். அவன் பேண்ட் நனையுறது கூடத் தெரியாம நின்னான். ரொம்ப தூரத்துல வானமும் தண்ணியும் ஒரே நெறமாக் கெடந்துச்சு, நடுவுல கோடே இல்ல.

"அங்க போயிட்டா எது மேல எது கீழன்னு எப்படிண்ணே தெரியும்?"

கொட்டு விழும்னு நான் தலையக் கொஞ்சம் நகத்தி வச்சுக்கிட்டேன்.

"எனக்கும் தெரியலடா"ன்னான்.