நான் தேர்ந்தெடுத்த குளக்கரை

1984 ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் தோட்ட இளைஞர்கள் கூடாரம் அடிக்க, பத்தாங் பெர்ஜுந்தை ஊருக்கு அருகே பழைய ஈயச் சுரங்கக் குளக்கரை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நிழல், பஸ் நிற்கும் இடத்தின் தூரம், காற்று வரும் திசை எல்லாவற்றையும் என் குறிப்பேட்டில் தேதியிட்டுக் குறித்தேன்.

அங்கே ஆடு மேய்த்த பெண், “இந்த மணல நம்பாதீங்க தம்பி. ரெண்டு எட்டு வெச்சா தரையே இருக்காது,” என்றார்.

“ஆடு மேய எடம் போயிடும்னு அக்காவுக்குக் கவல லா,” என்றான் இடம் பார்க்க என்னோடு வந்திருந்த நண்பன் செல்வம். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக் குறிக்கவில்லை.

முகாமின் முதல் நாள் காலை, அரிசி களையச் செல்வம் குளத்தில் இறங்கினான். காலடி மணல் சரிந்தது. பானை மட்டும் மிதந்தது. மறுநாள்தான் அவன் உடலை எடுத்தார்கள்.

இப்போது எங்கே முகாமிட்டாலும், அந்தந்த ஊர்க்காரர் சொல்வதையே என் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதுகிறேன். செல்வம் போன நாளின் பக்கம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.